சாட்சிக்கு வைத்த மூன்று காய்

“இது மரமா, பீரங்கியாடி? விடியக்காலையில ஊரே தூங்குறப்ப டமார்னு போட்டு உசுர வாங்குது! வந்து பாரு என் தகரத்தை, எத்தனை பள்ளம்னு!”

“தகரம் என்ன உங்கப்பன் வீட்டுத் தகரமா? தோட்டத்துத் தகரம். பள்ளம் விழுந்தா தொரை பாத்துக்குவாரு. நீ என் மரத்தைப் பத்திப் பேசாத.”

“உன் மரமாம்ல! தகரம் தோட்டத்துது, மரம் மட்டும் இவளுதாம். நல்லாருக்குடி உன் நியாயம்!”

இவ்வளவுதான் எனக்கு உள்ளிருந்தபடியே கேட்டது. மீதியைக் கேட்க வாளியை எடுத்துக்கொண்டு வெளியே வர வேண்டியிருந்தது. வாளி நிறையத் தண்ணீர் இருந்தது. அது வேறு விஷயம்.

எங்கள் லயம், அதாவது தோட்டத்து ஆட்கள் குடியிருக்கிற வரிசை வீடு, பூண்டுலோயாவுக்கு மேலே, தோட்டத்தின் கீழ்ப்பிரிவான கீழ்க்கணக்கில் இருக்கிறது. வீட்டுக்கு ஒரு அறையாகப் பன்னிரண்டு காம்பரா. நான்காவதில் நான், ஐந்தாவதில் மீனம்மா, ஆறாவதில் பேச்சியம்மா. நடுச்சுவர்கள் கூரையைத் தொடாமல் பாதியிலேயே நின்றுவிடுவதால் ஐந்தில் கொதிக்கிற ரசம் நான்கில் மணக்கும். ஆறில் பேசுவது நான்குக்கு வந்து சேரக் கொஞ்சம் நல்ல காது வேண்டும். ஆண்டவன் எனக்கு அதில் குறை வைக்கவில்லை.

சண்டைக்குக் காரணமான மரம் மீனம்மாவின் காம்பராவுக்குப் பின்னால், முட்டைக்கோசுப் பாத்தியின் ஓரத்தில் நிற்கிறது. வேர் மீனம்மாவின் பக்கம், சாய்ந்தது பேச்சியம்மாவின் பக்கம். அதற்கு ஆளுக்கொரு பேர். பங்களாவில் சமைத்த அப்பு ‘பட்டர் புரூட்’ என்பார். கீழே நாட்டுப்பக்கத்துச் சிங்களவர்கள் ‘அலிகெட்டபேர’ என்பார்கள். யாழ்ப்பாணத்திலிருந்து வந்த கண்டாக்கையா, அதுதான் எங்கள் கணக்குக்கு மேலதிகாரி, ‘ஆனைக்கொய்யா’ என்பார். மீனம்மா ஒரு பேரும் சொல்ல மாட்டாள். “அவுக மரம்” என்பாள். அவுக என்றால் மாயாண்டி, அவள் புருஷன்; இந்தச் சண்டை நடந்தபோது அவன் போய்ச் சேர்ந்து ஆறு வருஷம்.

மாயாண்டி பங்களாத் தோட்டத்தில் பூச்செடி பார்த்தவன். நாட்டுக்குச் சுதந்திரம் கிடைத்த வருஷம் வெள்ளைக்காரத் துரை பெட்டி கட்டிக்கொண்டு கப்பலேறினார். அன்று பங்களாக் குசினியின் குப்பைக் கூடையிலிருந்து, கோழிமுட்டையை விடப் பெரிய கொட்டை ஒன்றை மாயாண்டி மடியில் கட்டிக்கொண்டு வந்தான். மற்றவர்கள் உட்காருகிற கதிரை கொண்டுவந்தார்கள், கண்ணாடிப் போத்தல் கொண்டுவந்தார்கள். இவன் கொட்டை கொண்டுவந்தான். அதை நட்டு, முளை விட்ட அன்று, பத்து வயது மகள் பூரணியைப் பக்கத்தில் நிறுத்திவைத்துக்கொண்டு, “இது காச்சு மொதப் பழத்த மாரியம்மனுக்கு வச்சுட்டுத்தான் எம்புள்ளைக்குக் கல்யாணம்” என்றான். சிரித்துக்கொண்டுதான் சொன்னான். நானே கேட்டேன். ஆனால் அவன் காய்ச்சலில் போன பிறகு அந்தச் சிரிப்பை மீனம்மா மறந்துவிட்டாள். சொன்னதை மட்டும் நேர்த்திக்கடனாகப் பிடித்துக்கொண்டாள்.

மரமும் வஞ்சகமில்லாமல் ஐம்பத்தேழில் காய்த்தது. பச்சைப் பச்சையாக, பேரிக்காய்க்குப் பெருவயிறு வந்தது போல. அதே வருஷம்தான் பேச்சியம்மா வெற்றிலை பாக்கோடு ஐந்தாம் காம்பராவுக்கு வந்தாள்.

“மதினி, எம் மகன் நல்லமுத்துவுக்குப் பூரணியத் தாங்க. ஒரு செவுரு தாண்டி வரப்போறா. லாரிச் செலவுகூட இல்ல.”

மீனம்மாவுக்கும் சந்தோஷம்தான். நல்லமுத்து நல்ல பையன். தேயிலை ஸ்டோரில் கொழுந்து அரைக்கும் ரோலரில் வேலை. குடி இல்லை, சத்தம் இல்லை. ஆளே இருக்கிறானா என்று சிலசமயம் சந்தேகம் வரும்.

“தரமாட்டேங்கலயே மதினி. பழம் பழுக்கட்டும். அம்மனுக்கு வச்ச மறுநாளே தட்டு மாத்திருவோம்.”

“பழந்தானே, ஒரு மாசத்துல பழுத்துரும்” என்று பேச்சியம்மா வெற்றிலையை மென்றுகொண்டே போனாள்.

அந்த ஒரு மாசம் இரண்டு வருஷமாகியும் முடியவில்லை.

காய் பெருத்தது. பெருத்ததோடு சரி. மாங்காய் மஞ்சளாகும், கொய்யா மணக்கும். இது மாசக்கணக்கில் கல்லாகத் தொங்கிவிட்டு, ஒருநாள் அதிகாலையில் பேச்சியம்மாவின் தகரத்தில் விழும். எங்கள் தோட்டத்தில் அம்மனுக்குப் படைக்கிற பழம் கொடியிலோ மரத்திலோ தானாகப் பழுக்க வேண்டும். புகைமூட்டம் போட்ட வாழைத்தாரை மூக்கன் பூசாரி கோயில் வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுவார். முதல் பழம் அம்மன் காலடிக்குப் போகும்வரை அந்த மரத்துக் காயை யாரும் வாயில் வைக்கவும் கூடாது. அதனால் மீனம்மா விழுந்த காயையெல்லாம் பொறுக்கி, யார் வாய்க்கும் போய்விடாதபடி, மரத்தடியிலேயே குழி வெட்டிப் புதைத்துவிடுவாள். கொழுந்து மலைக்குப் போகும் முன் அவளுக்கு முதல் வேலை அதுதான். நாங்கள் சாமி கும்பிடுவோம், அவள் காய் புதைப்பாள்.

“பட்டர் மாதிரி இருக்கும், கரண்டியால அள்ளித் தின்பாங்க” என்று பங்களா அப்பு சொன்னது எல்லோருக்கும் நினைவிருந்தது. ஆனால் அந்த மனுஷன் பழத்தைப் பார்த்தது நுவரெலியாவிலிருந்து கூடையில் வந்தபோது. மரத்தைக் கண்டதில்லை. ஆகவே பட்டர் மாதிரி ஆகும் நாளுக்காக மரத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

பூரணி தினமும் விடியும்போது மரத்தடிக்குப் போய் எட்டுகிற காயை விரலால் அமுக்கிப் பார்ப்பாள். நல்லமுத்து ஸ்டோருக்குப் புறப்படும் முன், தன் பக்கம் சாய்ந்த கிளையில் அமுக்கிப் பார்ப்பான். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் ஒரே காயை அமுக்குவதையும் நான் பார்த்திருக்கிறேன்.

“பழுத்துருச்சா?” என்பான் அவன்.

“இன்னும் இல்ல.”

“நாளைக்குப் பாப்போமா?”

“ம்.”

இதுதான் அவர்களுடைய காதல். இரண்டு வருஷம் இதே வசனம். கேட்கிற எனக்கே அலுத்துப்போய்விட்டது.

நடுவில் ஒருநாள் முனாப் நானா வந்தார். பூண்டுலோயாக் கடைவீதியில் புடைவைக் கடை வைத்திருப்பவர். சம்பளம் போட்ட மறுநாள் சீலை மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு லயம் லயமாக ஏறி வருவார். மரத்தை அண்ணாந்து பார்த்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

“தங்கச்சி, இவ்வளவையும் ஏன் மரத்திலயே விட்டுவெச்சிருக்கீங்க? எனக்குக் காயாத் தாங்க. நுவரெலியாவில ஹோட்டல்காரன் கேட்டுக்கிட்டே இருக்கான்.”

“பழுக்கட்டும் நானா” என்றாள் மீனம்மா.

“இது மரத்தில பழுக்காது தங்கச்சி. பறிச்சு வெச்சாத்தான் பழுக்கும்.”

லயமே சிரித்தது. நானும்தான் சிரித்தேன், மறைப்பானேன். மரத்தில் பழுக்காத பழமாம்! கறுப்புச் சீலையை நீலம் என்று விற்கிற மனுஷன், காய் விலைக்குப் பழத்தை வாங்கப் பார்க்கிறார் என்று பேச்சியம்மா சொன்னாள். அந்த ஒரு விஷயத்தில் மட்டும் மீனம்மா அவளோடு ஒத்துப்போனாள்.

பூரணி மட்டும் அன்று சாயந்திரம் மெதுவாகக் கேட்டாள். “அம்மா, நானா சொன்னத ஒரு காயில செஞ்சு பாத்தா என்ன?”

“பறிச்சு வச்சுப் பழுத்தா அது அம்மனுக்கு ஆகாது. அப்பா வாக்கு. வாய மூடிக்கிட்டுச் சோறத் தின்னு.”

பூரணி வாயை மூடிக்கொண்டாள். சோறு தின்றதாகத் தெரியவில்லை. சட்டி தேய்க்கும் சத்தம் அன்றைக்குச் சீக்கிரமே கேட்டது.

ஐம்பத்தொன்பது, பங்குனி மாசம் வந்தது. பேச்சியம்மாவுக்குப் பொறுமை போய்விட்டது. மஸ்கெலியாவில் செல்லசாமி என்று ஒரு கங்காணி. அவருக்குச் சண்முகவடிவு என்று ஒரே மகள். அந்த மகளுக்கு ஒரு தையல் மெஷின். தரகன் இதைச் சொன்ன நாளிலிருந்து பேச்சியம்மாவின் வாயில் அந்தப் பெண்ணின் பேர் வந்ததோ இல்லையோ, மெஷின் வந்தது. திருவிழா முடிந்த வெள்ளிக்கிழமை செல்லசாமி வீட்டார் மாப்பிள்ளை பார்க்க வருவதாக ஏற்பாடு.

அதனால்தான் அன்றைய சண்டை. தகரம் ஒரு சாக்கு. எனக்கு அது தெரியும், மீனம்மாவுக்கும் தெரியும். பேச்சியம்மாவே கடைசியில் கொட்டிவிட்டாள்.

“ரெண்டு வருசமாடி! எம் புள்ளைக்கு இருபத்தாறு முடிஞ்சுபோச்சு. ஊர்ல அவனோட ஓடியாடுனவனெல்லாம் தொட்டில் கட்டிட்டான். உன் மரம் பழுக்கும்னு நான் வாயப் பொளந்துக்கிட்டு நிக்கணுமா?”

“நான் என்ன பழுக்காதேன்னா சொன்னேன்?”

“கேட்டுக்க. திருவிழாவுக்குள்ள பழம் அம்மனுக்குப் போகணும். போனா பூரணி எம் மருமக. போகலன்னா மஸ்கெலியாக்காரனுக்கு வாக்குக் குடுத்துருவேன். அதோட இந்த மரத்தையும் கண்டாக்கையாகிட்டச் சொல்லி வெட்டிப்புடுறேன். என் வீட்டுத் தகரமாச்சும் மிஞ்சட்டும்!”

மீனம்மா மண்வெட்டியை எடுத்துக்கொண்டு மரத்தடிக்குப் போய்விட்டாள். ஆறு வருஷத்தில் அவள் ஒரு சண்டையைப் பாதியில் விட்டுப் போய் நான் பார்த்தது அன்றுதான். கதவோரத்தில் பூரணி நின்றிருந்தாள். அவள் மரத்தைப் பார்க்கவில்லை. ஆறாம் காம்பராவின் கதவைப் பார்த்தாள். உள்ளே நல்லமுத்து இருந்தான். இருந்தான் என்றுதான் நினைக்கிறேன். அவன் சத்தம்தான் போடமாட்டானே.

அன்றைக்கே பேச்சியம்மா தன் தகரத்தில் விழுந்து உருண்ட காய்களில் மூன்றை எடுத்து ஒளித்துவைத்தாள். மீனம்மா கண்டால் புதைத்துவிடுவாள், சாட்சி போய்விடும் என்ற பயம். கண்டாக்கையா நேரில் பார்த்தால்தான் மரம் வெட்ட ஆள் அனுப்புவார். வெறும் வாய்ப்பேச்சை அவர் காதில் போட்டுக்கொள்ளமாட்டார். எனவே மூன்று காயையும் பழைய கம்பளியில் சுருட்டி, அடுப்புக்கு மேலே பரணில் இருக்கும் தேயிலைப் பெட்டியில் வைத்து மூடினாள். இது எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்காதீர்கள். பரண், சுவரை விட உயரம்.

திருவிழாவுக்கு முந்திய ஞாயிற்றுக்கிழமை, காலை பத்து மணிக்குக் கண்டாக்கையா வந்தார். காக்கிக் களிசான், முழங்கால்வரை மேஜோடு, தலையில் தொப்பி, கையில் பிரம்பு. லயத்தில் யாரும் கடைக்குப் போகவில்லை. துணி துவைக்கத் தண்ணீர்ப் பீலிக்குப் போன இரண்டு பேர் நனைந்த சீலையோடு ஓடிவந்தார்கள். மூக்கன் பூசாரி, திருவிழா வேலையாக இந்தப் பக்கம் வந்தவர் போல வந்து நின்றார்.

“ஐயா, இந்த மரம் நின்னா ஒருநாள் கொலை விழும்” என்று தொடங்கினாள் பேச்சியம்மா. “வாயால சொன்னா நம்பமாட்டீங்க. சாட்சி வச்சிருக்கேன்.”

உள்ளே போய்க் கம்பளி மூட்டையை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு வந்தாள், பிள்ளையைத் தூக்கிவருவது போல. மூட்டையைப் பிரிக்காமலே கண்டாக்கையாவின் முன்னால் நீட்டினாள்.

“கருங்கல்லுங்கய்யா. நீங்களே ஒண்ணத் தூக்கிப் பாருங்க. தலையில விழுந்தா நேரா சுடுகாடுதான்.”

கண்டாக்கையா கம்பளிக்குள் கையை விட்டார். கல்லைத் தூக்குகிறவர் எப்படிப் பிடிப்பாரோ அப்படி நன்றாக அழுத்திப் பிடித்தார். அவர் முகம் மாறியது. கையை வெளியே எடுத்தார். காய் கையில் இருந்தது; கட்டைவிரலைக் காணவில்லை. அது காய்க்குள் போயிருந்தது.

“என்ன பேச்சியம்மா, கல்லெண்டு சொன்னாய்? இது வெண்ணெயெல்லோ!”

லயமே கழுத்தை நீட்டிப் பார்த்தது. அடுப்புச் சூட்டில், கம்பளிக் கதகதப்பில் ஒன்பது நாள் இருந்த காய், பேச்சியம்மாவுக்கு எதிராகவே சாட்சி சொல்லிவிட்டது. தோல் கத்தரிக்காயைப் போலக் கறுத்திருந்தது. பிளந்த இடத்தில் தோலையொட்டி இளம்பச்சை, உள்ளே போகப் போக மஞ்சள். தேயிலைத் துளிர் வெயிலில் இருக்கும் நிறத்தில் தொடங்கி வெண்ணெயில் போய் முடிந்தது. அப்படி ஒரு நிறத்தை நான் சீலையில்கூடப் பார்த்ததில்லை.

கண்டாக்கையா சொந்த ஊரில் இதைச் சீனி போட்டுச் சாப்பிட்டவர் போலிருக்கிறது. “ஆரும் கொஞ்சம் சீனி கொண்டு வாருங்கோ” என்று சொல்லிக்கொண்டே கட்டைவிரலை வாய்ப்பக்கம் கொண்டுபோனார்.

“ஐயா! வாயில வைக்காதீங்க!”

கத்தியது மீனம்மா. கத்தியதோடு நிற்கவில்லை. ஒரே பாய்ச்சலில் வந்து கண்டாக்கையாவின் மணிக்கட்டைப் பிடித்துவிட்டாள். கொழுந்து எடுக்கிற பெண், கண்டாக்கையாவின் கையைப் பிடிப்பதாவது! எங்கள் தோட்டத்தில் அதுவரை நடக்காத காரியம். அவருடைய கை வாய்க்கும் மார்புக்கும் நடுவில் அப்படியே நின்றது. பின்வரிசையில் யாரோ “போச்சு, இவளுக்கு வேலை போச்சு” என்று முணுமுணுத்தார்கள்.

“மொதப் பழம் அம்மனுக்குங்கய்யா. அவுக சொல்லிட்டுப் போனது. எம் புள்ளை வாழ்க்கை இதுல இருக்கு.”

சொல்லிவிட்டு, பிடித்த கையை விடாமல், முந்தானையால் அவருடைய கட்டைவிரலைத் துடைத்தாள். சின்னப் பிள்ளையின் கையைத் துடைப்பது போல, நகக்கண் வரைக்கும் துடைத்தாள். கண்டாக்கையா பாவம், பேசாமல் துடைக்கக் கொடுத்தார். துடைத்து முடிந்ததும்தான் அவளுக்கு யாருடைய கை என்று உறைத்தது. சட்டென்று விட்டுவிட்டு இரண்டடி பின்னால் போனாள்.

கண்டாக்கையா தொண்டையைச் செருமினார். “அம்மனுக்கெண்டால் பரவாயில்லை” என்று மட்டும் சொல்லி, பழத்தைத் திரும்பக் கம்பளியில் வைத்தார்.

அதற்குள் பேச்சியம்மாவுக்கு உயிர் திரும்பிவிட்டது.

“அதெப்படி அம்மனுக்கு ஆகும்? மரத்துல பழுக்கலயே! என் பொட்டியிலல்ல பழுத்துச்சு?”

எல்லோரும் மூக்கன் பூசாரியைத் திரும்பிப் பார்த்தார்கள். அவர் இதற்காகவே காத்திருந்தவர் போல, மூட்டைக்குக் கிட்டப் போய்க் குனிந்து மோந்து பார்த்தார்.

“பேச்சி, நீ இதைப் பறிச்சியா?”

“நான் ஏன் பறிக்கிறேன்? அதுவா விழுந்துச்சு.”

“பொகை போட்டியா?”

“பொகை எதுக்குப் போடுறேன்? சாட்சிக்கு வச்சேன்.”

“பழுக்கணும்னு வச்சியா?”

“பழுக்கவே பழுக்காதுன்னு காட்டத்தான்யா வச்சேன்!”

“அப்ப யாரும் பறிக்கல, பொகை போடல, பழுக்கணும்னு நெனைக்கக்கூட இல்ல. அதுவா விழுந்து அதுவாப் பழுத்திருக்கு. இதுக்கு மேல தானாப் பழுக்குறதுன்னா எப்படி? அம்மனுக்கு ஆகும்.”

பூசாரிக்கும் அதை ருசி பார்க்கும் ஆசை இருந்தது என்பது என் எண்ணம். படைத்த பிறகு பிரசாதம் அவர் கைக்குத்தானே வரும். ஆனால் சொன்ன நியாயம் நியாயம்தான்.

இப்போது மீனம்மா கம்பளியைப் பார்த்துக் கையை நீட்டினாள். பேச்சியம்மா பின்னால் இழுத்துக்கொண்டாள்.

“எங்க வர்ற? பழுத்தது என் வீட்டுல.”

“காச்சது என் மரத்துல.”

“ரெண்டு வருசம் உன் மரத்துல தொங்குனப்போ பழுக்கலயே! என் வீட்டுக்கு வந்து ஒன்பது நாள்ல பழுத்துச்சு. அப்ப யாரு ராசி?”

“உன் ராசியா! எங்க வீட்டுக்காரரு நட்டது...”

பழையபடி தொடங்கிவிட்டது. கண்டாக்கையா கடிகாரத்தைப் பார்த்தார். நாங்கள் இன்னும் வசதியாக உட்கார்ந்துகொண்டோம். அப்போதுதான் பூரணி படியிறங்கி வந்தாள். லயத்து ஆட்கள் முழுக்க நிற்கிற இடத்தில், கல்யாணப் பேச்சில் இருக்கிற பெண் வந்து பேசுவது வழக்கமில்லை. அவள் பேசினாள். பேச்சியம்மாவுக்கு நேர் எதிரே வந்து நின்று பேசினாள்.

“அத்தை, பழம் மூணுதானே. ஒண்ணு ஐயா கையில ஒடைஞ்சுபோச்சு. மீதி ரெண்டு. எங்க வீட்டுக்கு ஒண்ணு, உங்க வீட்டுக்கு ஒண்ணு. ஒரே தட்டுல வச்சு ரெண்டு வீடும் சேந்து கொண்டுபோனா அம்மன் வேணாங்குமா?”

இரண்டு வீடும் ஒரே தட்டில் பழம் வைத்து அம்மன் முன்னால் நிற்பது என்றால் என்ன அர்த்தம் என்று அந்த இடத்தில் யாருக்கும் விளக்க வேண்டியிருக்கவில்லை. பேச்சியம்மா கம்பளி மூட்டையை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினாள். அவள் மனசுக்குள் ஒரு பக்கம் தையல் மெஷினின் சக்கரம் சுற்றிக்கொண்டிருந்திருக்கும். இன்னொரு பக்கம், ஊரறிய அவளே சொன்ன வார்த்தை: திருவிழாவுக்குள் பழம் போனால் பூரணி என் மருமகள். அதைக் கேட்டவர்கள் மற்றப் பதினொரு காம்பராவிலும் இருந்தோம். மறந்துவிட்டேன் என்று அவளால் சொல்ல முடியாது. நினைவூட்ட நான் ஒருத்தி போதும்.

“தட்டுக்கு எங்க போறது?” என்று ஒரு சாக்குத் தேடினாள் கடைசியாக.

“இந்தா இருக்கும்மா.”

நல்லமுத்து. ஆறாம் காம்பரா வாசலில், கையில் பித்தளைத் தட்டோடு நின்றான். புளி போட்டுத் தேய்த்திருந்தான். வெயிலில் கண் கூசியது. எப்போது உள்ளே போனான், எப்போது தேய்த்தான் என்று எனக்கே தெரியாது. அவன் விஷயத்தில் நான் தோற்றுப்போனது அன்று ஒருநாள்தான்.

“என் சீதனத் தட்டை யாரைக் கேட்டுடா எடுத்த?”

“கழுவிட்டுத்தான் எடுத்தேன்” என்றான்.

கூட்டம் சிரித்த சிரிப்பில் கண்டாக்கையாவும் தொப்பியைக் கழற்றிவிட்டுச் சிரித்தார். “மரம் நிக்கட்டும்” என்று தீர்ப்புச் சொன்னார். “காய்க்கிற காலத்தில என்ட குவாட்டஸுக்கு ஒரு கூடை வந்தால் போதும்.” மரம் தோட்டத்தினுடையதா மீனம்மாவினுடையதா என்ற கேள்விக்கு அதுவரை எங்களுக்குக் கிடைத்த ஒரே அதிகாரபூர்வமான பதில் அதுதான்.

தட்டின் ஒரு விளிம்பை மீனம்மா பிடித்தாள், மறு விளிம்பைப் பேச்சியம்மா பிடித்தாள். கோயில் மேட்டுக்கு ஏறுகிற வழியெல்லாம் பேச்சியம்மாவின் முணுமுணுப்பு நிற்கவில்லை. மெஷின் போச்சு, மெஷின் போச்சு என்று தேயிலைச் செடிகளிடமெல்லாம் சொல்லிக்கொண்டே போனாள். ஆனால் பாதி மேட்டில் மீனம்மாவுக்கு மூச்சு வாங்கியபோது, “மெதுவா ஏறுங்க மதினி, தட்டு சாயுது” என்றாள். இரண்டு வருஷமாகக் காணாமல் போயிருந்த மதினி அந்த இடத்தில் திரும்பி வந்ததை நான் என் காதால் கேட்டேன்.

அம்மன் காலடியில் பழம் வைத்ததும் மீனம்மா அழவில்லை. “வச்சுட்டேங்க” என்று யாரிடமோ சொன்னாள். அவ்வளவுதான்.

பிரசாதமாக ஆளுக்கு ஒரு விரல்நுனி கிடைத்தது. முதலில் எனக்கு ஒன்றும் தெரியவில்லை; இனிப்பு இல்லை, புளிப்பு இல்லை. பிறகு நாக்கு முழுக்க வெண்ணெய் பூசியது போல நின்றது. அடுத்த விரல்நுனிக்குப் பூசாரியைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. வாய் அசைந்துகொண்டிருந்தது.

அடுத்த சம்பளத்துக்கு வந்த முனாப் நானாவை யாராலும் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. அவர் மூட்டையை இறக்கி வைத்துவிட்டு, “நான் ஒண்டும் சொல்லல்ல” என்றார். சொன்னதை விட அது மோசமாக இருந்தது. பிறகு மூட்டைக்கு அடியிலிருந்து ஒரு சீலையை உருவினார். கரையில் கரும்பச்சை, உடலில் இளமஞ்சள். அந்தப் பழத்தை அறுத்து விரித்தது போலவே இருந்தது. பேச்சியம்மா விலை பேசாமல் வாங்கினாள். அவள் விலை பேசாமல் வாங்கிய முதல் பொருள் அது, கடைசியும் அதுதான்.

ஆவணியில் கல்யாணம் நடந்தது. பூரணி அந்தச் சீலையோடு ஐந்தாம் காம்பராவிலிருந்து ஆறாம் காம்பராவுக்குப் பதினொரு எட்டு வைத்துப் புகுந்த வீடு போனாள். அதற்கும் தப்பு மேளம் லயத்தை மூன்று சுற்றுச் சுற்றி வந்தது. இப்போது அவளுக்கு இரண்டு பிள்ளைகள். நல்லமுத்து பிள்ளைகளோடு நன்றாகப் பேசுகிறான் என்று கேள்வி. சுவர் வழியாக நானும் ஒன்றிரண்டு வார்த்தை கேட்டிருக்கிறேன்.

மஸ்கெலியாவிலிருந்து வந்தவர்களுக்கு அந்த வெள்ளிக்கிழமை விஷயத்தைச் சொல்லி, பெட்டியில் வைத்துப் பழுத்த பழத்தைப் பாலும் சீனியும் போட்டுப் பிசைந்து கொடுத்து அனுப்பினோம். சண்முகவடிவு அழுது மெலிந்துவிடவில்லை. அடுத்த தையில் ஹட்டன் கடைவீதியில் தையல் கடை வைத்திருக்கும் ஒருவனைக் கட்டிக்கொண்டாள். இப்போது அந்தக் கடையில் இரண்டு மெஷின் ஓடுகிறது. பூரணியின் பிள்ளைகளுக்குத் தீபாவளிச் சட்டை அங்கேதான் தைக்கிறது. கூலிக்குப் பதில் ஒரு கூடை காய் கேட்டாளாம், காயாகவே. விஷயம் அங்கேயும் பரவிவிட்டது.

கண்டாக்கையா அறுபத்திரண்டில் நுவரெலியாப் பக்கம் மாற்றலாகிப் போனார். லாரியில் சாமான் ஏற்றும்போது, வாளியில் ஒரு கன்று இருந்ததை நான் பார்த்தேன். மூக்கன் பூசாரி இங்கேதான் இருக்கிறார். வருஷா வருஷம் அந்த மரத்துக்குத் தீபம் காட்டிவிட்டுக் காத்துக்கொண்டு நிற்பார். முனாப் நானா சீலை மூட்டையோடு ஏறி வந்து, காய் மூட்டையோடு இறங்கிப் போகிறார்.

மகள் போன பிறகு ஐந்தாம் காம்பராவில் மீனம்மா தனியாக இருக்கிறாள் என்று சொல்ல முடியாது. சாப்பாடு ஆறில், தூக்கம் ஐந்தில், சண்டை இரண்டுக்கும் நடுவில். நேற்று விடியக்காலையிலும் தகரத்தில் ஒன்று விழுந்தது.

“சம்பந்தி, உங்க மரம் எந் தகரத்தப் பள்ளமாக்கிருச்சு!”

“பொறுக்கிப் பொட்டியில வைங்க சம்பந்தி. கம்பளி போத்த மறக்காதீங்க.”

நான் வாளியை எடுத்தேன். பிறகு, இதில் என்ன இருக்கிறது என்று திரும்பவும் கீழே வைத்துவிட்டேன்.